அக்கா அரைத்த கருக்குப் பொடி

கருக்குப் பொடி அரைக்கிற நாளில் அந்த மாடிப்படிப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துவாள். சாத்துகிற சத்தத்திலேயே நாலு திட்டு அடங்கியிருக்கும். பால்காரர் பாதிப் படியிலேயே தும்ம ஆரம்பித்து, இதற்கு மேல் ஏறினால் ஆயுசு குறையும் என்று பாலை அங்கேயே வைத்துவிட்டுப் போவார். தம்பியின் மனைவி மட்டும் வாய் திறக்க மாட்டாள். கொடியில் காய்கிற துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிடுவாள். இத்தனைக்கும் நடுவில், மூக்கையும் வாயையும் பழைய துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வழிப்பறிக்குக் கிளம்பியவள் மாதிரி மிக்ஸியின் முன்னால் உட்கார்ந்திருப்பாள் அக்கா.

அக்கா என்பது அவள் பெயர் இல்லை. தம்பி கூப்பிட்டான், அவன் கடையில் வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள், பிறகு சாப்பிட வருகிறவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் அவளைவிடப் பத்து வயது பெரிய காய்கறிக்காரரே “அக்கா, வெங்காயம் வேணுமா?” என்று கேட்கிற நிலைமை. ஐம்பதைத் தாண்டியவள். சின்ன வயதிலேயே அம்மா போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி, ஊட்டி, குளிப்பாட்டி ஆளாக்கியதில் கல்யாணம் என்கிற பேச்சு எங்கோ நழுவிப் போனது. அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தம்பி ஒரு சாப்பாட்டுக் கடை போட்டான், கல்யாணம் செய்துகொண்டான், மாடியில் ஓர் அறையை அக்காவுக்கு ஒதுக்கினான். அறை அவனுடையது, கட்டில் அவனுடையது, தட்டில் விழுகிற சோறும் அவனுடையது. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தப் பொடி ஒன்றுதான்.

அது அப்படி ஒன்றும் தேவரகசியம் இல்லை. மீனோ, கோழியோ, வட்டமாக நறுக்கிய கத்திரிக்காயோ எதுவானாலும் உருக்கிய வெண்ணெயில் முக்கி, இந்தப் பொடியில் இரண்டு பக்கமும் புரட்டி, புகை கிளம்பக் காய்ந்த இரும்புக் கல்லில் போட வேண்டும். பொடி தீயும், மீன் தீயாது. மேலே கன்னங்கரேலென்று பொரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று வெந்திருக்கும். இதற்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாததால் கருக்கு மீன், கருக்குக் கோழி என்று அக்காவே பெயர் வைத்தாள். கடையின் போர்டிலும் அதுவே ஏறியது.

பொடி செய்வதில் அவள் பிடித்தால் ஒரே பிடிதான். எதையும் வறுக்கக் கூடாது. வறுபடுவதெல்லாம் கல்லில் நடக்கிற காரியம், முன்னாலேயே வறுத்துவிட்டால் கல்லில் கசந்துபோகும். நிறத்துக்கு ஒரு மிளகாய், காரத்துக்கு ஒரு மிளகாய், இரண்டிலும் விதையைத் தட்டி எடுத்துவிட வேண்டும். பூண்டை நகம் போலச் சீவி, ஒடித்தால் படக்கென்று சத்தம் வரும்வரை காயவைக்க வேண்டும். வெங்காயமும் அப்படியே. ஆனால் அது காய்வதற்குள் நம் உயிரை வாங்கிவிடும். மிளகு கொரகொரப்பாக. தைம், ஒரிகானோ என்கிற காய்ந்த சீமை வாசனை இலைகளும் மிக்ஸிக்குள் போகக் கூடாது, உள்ளங்கையில் வைத்துக் கசக்கித்தான் போட வேண்டும். உப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. சர்க்கரை மருந்துக்குக்கூடக் கிடையாது. ஒரு பிடி சர்க்கரை போட்டால் சீக்கிரம் கறுக்குமே, கூட்ட நேரத்தில் கை ஓடுமே என்று தம்பி பல தடவை கெஞ்சியிருக்கிறான். சர்க்கரை கறுத்தால் கரி, மிளகாய் கறுத்தால்தான் ருசி என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிடுவாள்.

இதில் ஒரு தொல்லை. அரைக்கிற நாளில் மூக்கு செத்துப்போகும். எத்தனை துண்டு கட்டினாலும் காரம் ஏறி, எரிந்து, ஒழுகி, சாயங்காலத்துக்குள் மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் அரைப்பாள், மறுநாள் மூக்கு திரும்பியதும் ஒரு துண்டு மீனில் தடவிப் பொரித்துப் பார்ப்பாள். கடை பிரபலமானதும் ஒன்றுவிட்டு ஒரு நாள் அரைக்க வேண்டியதாயிற்று. மூக்கு என்பது மூச்சு விடுவதற்கு மட்டும் என்று ஆனது. ருசி பார்க்கிற வேலை தம்பியிடம் போனது. அவனோ எதைக் கேட்டாலும் பிரமாதம் என்பான்.

அந்த வருடம் மிக்ஸியின் மோட்டார் புகைந்து நின்றது. பழுது பார்ப்பவன் தூக்கிக்கொண்டு போனான், இதோ அதோ என்று இழுத்தடித்தான். கையிருப்பில் மூன்று டப்பா பொடி இருந்ததால் யாரும் பதறவில்லை. அக்கா பல வருடம் கழித்து அரைக்காமல் இருந்தாள். நாலைந்து நாளில் சோப்பின் வாசனை தெரிந்தது. பிறகு தலையணையின் எண்ணெய்ச் சிக்கு. பிறகு ஒரு நாள் காலையில், நாற்காலியில் தம்பி கழற்றிப் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தவள், சாக்கடையில் ஏதோ அடைப்பு என்று நினைத்துக் குளியலறைக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். திரும்பி வந்து சட்டையைத் தூக்கியபோதுதான் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. வேர்வையாக இருக்கும், பாவம், அடுப்படியில் நிற்கிறான் என்று சோப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுத் துவைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி பாட்டில் போடலாம் என்று ஆரம்பித்தான். பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, அக்காவின் படத்தை ஒட்டி, ‘அக்கா கருக்குப் பொடி’ என்று கடைக் கல்லாவிலேயே விற்பது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிடலாம் என்றான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. தன் முகம் ஒரு பாட்டிலில் இருப்பதை நினைத்து, வேறு புடவை மாற்றி, கண்ணாடி முன்னால் நின்று, தனக்குத்தானே ஒரு தடவை சிரித்தும் பார்த்துக்கொண்டாள். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

படம் எடுக்கிறவர் கடைக்கே வந்திருந்தார். வெளிச்சம் விழுகிற மேசையில் அவளை உட்காரவைத்தார். சுடச்சுட ஒரு கருக்கு மீனைத் தட்டில் வைத்து, அதைத் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டு சிரிக்கச் சொன்னார். ஏந்தினாள். வெண்ணெய், பூண்டு, மிளகாய்க் கருகல் எல்லாம் ஒவ்வொன்றாக மூக்கில் ஏறின. தன் பொடியின் வாசனையைத் தானே அனுபவித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நெஞ்சு பூரித்தது. அதன் அடியில் இருந்து இன்னொன்று எழும்பியது. நனைந்த துடைப்பத்தைச் சாக்குக்கு அடியில் பல நாள் மறந்துபோனால் வருமே, அந்த வாடை. நாற்காலியில் கிடந்த சட்டையின் வாடை.

இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க அம்மா என்றார் படக்காரர். தூக்கினாள். குமட்டிக்கொண்டு வந்தது. சிரிங்க என்றார். உதட்டை இழுத்துப் பார்த்தாள். பல்வலிக்காரி மாதிரி இருக்கிறது, இயல்பாகச் சிரியுங்கள் என்று அந்த மனிதர் கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, எப்படியோ ஒரு படத்துக்குச் சிரித்துவிட்டு, தட்டை வைத்த கையோடு சமையலறைக்குள் போனாள்.

உள்ளே கல்லு மாஸ்டர் நின்றிருந்தார். இருபது வருடமாக இரும்புக் கல்லின் முன்னால் புகையில் வெந்தவர். தன் காலுறையை மூக்கில் வைத்தாலும் ரோஜாப்பூ என்றுதான் சொல்வேன் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார். அவருக்குப் பின்னால் இருந்த ஐஸ் தொட்டியின் மூடியை அக்கா திறந்தாள். திறந்தவள் இரண்டடி பின்வாங்கினாள். ஐஸ் எப்போதோ கரைந்து, பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு தண்ணீர். அதில் மீன்கள் வயிறு உப்பிக் கிடந்தன. கண்கள் குழிவிழுந்து பால் கட்டியிருந்தன. ஒன்றைத் தூக்கிச் செவுளைப் பிரித்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலும் பச்சையுமாக இருந்தது. விரலை எடுத்தபோது சளி மாதிரி ஒரு நூல் கூடவே வந்தது. இவ்வளவு நாளாகத் தன் பொடியைப் பூசிக்கொண்டு மேசைக்குப் போனது இதுதான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பக்கத்து வாளியில் கோழித் துண்டுகள். அவற்றைப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

என்ன இது என்று மாஸ்டரைக் கேட்டாள். வினிகரில் கழுவிவிட்டுத்தான் போடுகிறேன் என்றார் அவர். அப்புறம், எனக்கு எதுக்கு வம்பு என்கிற மாதிரி வெளியே கையைக் காட்டினார்.

தம்பி வந்தான். அவள் மீனைத் தூக்கிக் காட்டியபோது வெட்கப்படுவான், மழுப்புவான், மாஸ்டர் மேல் பழியைப் போடுவான் என்றெல்லாம் எதிர்பார்த்தாள். அவன் அதெல்லாம் செய்யவில்லை. மீன்காரன் மிஞ்சியதைத் தள்ளிவிடுகிற நேரம் பார்த்துப் போய் வாங்குகிறேன், ஆரம்பத்தில் எப்போதாவது ஒரு நாள், இப்போது தினமும் என்று காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

“யாருக்குக்கா தெரியப்போகுது? உன் பொடி மேல விழுந்துட்டா எல்லா மீனும் நல்ல மீன்தான். கடை நிக்கிறதே உன் பொடியாலதான்.”

இதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கைகழுவும் தொட்டிக்கு ஓடி, காலையில் குடித்த டீ, நேற்றுச் சாப்பிட்டது, எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். முதுகைத் தடவிக்கொடுக்கத் தம்பி வந்தான். அந்தக் கை மேலே பட்டதும் இன்னொரு தடவை வந்தது.

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், எலுமிச்சை தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நகத்தடியில் அந்த வாடை போவேனா என்றது. தனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. போன வருடம் ஒரு டப்பா பொடி போன இடத்தில் இந்த வருடம் நாலு டப்பா போகிறது. கூட்டம் என்று நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், மேலே பூச்சு கனமாகிக்கொண்டே போயிருக்கிறது. நன்றாக இருக்கிற மீனுக்கு எதற்கு அவ்வளவு பூச்சு?

சாயங்காலம் தம்பியைப் பிடித்து உட்காரவைத்துப் பேசினாள். நல்ல மீன் வராத கடைக்குப் பொடி கிடையாது என்று முடிவாகச் சொன்னாள். அவன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நாளையிலிருந்து புது மீன் என்றான். அவனுடைய மனைவி அதுவரை ஒரு மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்து போனதும் மெல்ல ஆரம்பித்தாள். பொடி கிடையாதாமே, அப்படியென்றால் கடையைச் சாத்திவிடலாமா, பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை.

“கோவிச்சுக்காதீங்க அண்ணி. இந்த வீட்டை விட்டா உங்களுக்கு வேற போக்கிடம் ஏது?”

சொல்லிவிட்டு மடித்த துணியில் அக்காவின் புடவையை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அந்த நாக்கில் காரமே இல்லை, அதனால்தான் இவ்வளவு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மிக்ஸி வந்து சேர்ந்தது. இருந்த பொடி முழுவதும் பாட்டிலுக்குப் போய்விட்டதால் கடைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். தம்பி மிளகாய் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மாடியில் இறக்கினான், மீனெல்லாம் இப்போது துள்ளுகிறது என்று சிரித்தான்.  அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா கடைக்கு நடந்தாள். பின்வாசல் வழியாக உள்ளே போய்த் தொட்டியைத் திறந்தாள். அதே பழுப்புத் தண்ணீர், அதே பால் விழுந்த கண்கள். மேலாக மட்டும் ஒரு கூடை புது ஐஸ் கொட்டியிருந்தார்கள். தன் தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியத்தின் லட்சணம் இது என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

இனி என்ன செய்வது? நடுக்கடையில் நின்று கத்தலாம். ஆனால் தன் கையால் ஊட்டி வளர்த்தவனைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுக்க அவளுக்குத் துணிவில்லை. அதனால் ஒரு யோசனை செய்தாள். மீனே காட்டிக்கொடுக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

வீட்டுக்கு வந்து துண்டைக் கட்டிக்கொண்டு அரைத்தாள். நிறத்துக்கான மிளகாய், கொஞ்சம் மிளகு, உப்பு. அவ்வளவுதான். பூண்டு போடவில்லை, வெங்காயம் போடவில்லை, இலை போடவில்லை, கார மிளகாயும் போடவில்லை. நாற்றத்தை மூடுகிறவை எவையெவையோ அத்தனையையும் வெளியே வைத்தாள். இந்தப் பொடி கறுக்கும், ஆனால் எதையும் மறைக்காது. தட்டு மேசைக்கு வரும்போதே ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள், ஒரு வாய்கூட உள்ளே போகாது, தம்பி ஒரு நாள் தலைகுனிந்தால் ஆயுசுக்கும் திருந்துவான். இப்படி ஒரு கணக்கு. இவ்வளவு மட்டமான பொடியைத் தன் வாழ்நாளில் அவள் அரைத்ததில்லை. டப்பாவை மூடும்போது கை கூசியது.

மறுநாள் மத்தியானம் கடையில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். கல்லாவில் தம்பியின் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் அடுக்கிய பாட்டில்கள். அக்கா ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கல்லிலிருந்து முதல் தட்டு வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அரைத்ததில் அவளுடைய மூக்கு மறுபடியும் செத்துப்போயிருந்தது. அதனால் மற்றவர்களின் முகத்தைத்தான் பார்த்தாள்.

முதல் தட்டு ஒரு தொப்பைக்காரருக்குப் போனது. அவர் பிட்டார், வாயில் போட்டார், மென்றார். அக்கா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் விரலைச் சப்பினார். இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. கரியைச் சுரண்டிச் சுரண்டி வழித்தார்கள். ஒருவர் எலும்பை உறிஞ்சுகிற சத்தம் இந்த மூலைவரை கேட்டது. தொப்பைக்காரர் ஏப்பம் விட்டுக்கொண்டு அவளிடமே வந்து, இன்றைக்குப் பொடி என்றைக்கும் இல்லாத மாதிரி அமைந்திருக்கிறது, என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். உதட்டோரம் கறுப்பும் கொழுப்பும் வழிந்தன. அக்காவுக்கு அந்த ஆளின் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. நகம் தேயப் பூண்டு சீவியது, இலையைக் கையால் கசக்கியது, வறுக்காதே, சர்க்கரை போடாதே என்று சண்டை போட்டது, எல்லாம் இந்த வாய்களுக்கா? இவர்களுக்குக் கறுப்பாக இருந்தால் போதும். கறுப்பாக இருந்தால் செருப்பையும் தின்பார்கள்.

பக்கத்து மேசையில் ஓர் அம்மா தன் குட்டிப் பெண்ணை மடியில் வைத்திருந்தாள். பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று கருகிய தோலையெல்லாம் விரலால் பக்குவமாக உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். உள்ளே இருந்த வெள்ளைச் சதையைப் பிய்த்து, ஊதி, குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து வெளியே தள்ளியது. அம்மா அதையே வழித்து மறுபடி ஊட்டினாள். காரமெல்லாம் எடுத்தாச்சுடா கண்ணு, சாப்பிடு என்றாள். குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

பிள்ளைகளுக்கு உரித்துத்தான் கொடுப்பார்கள் என்பது அக்காவின் மண்டைக்கு அதுவரை எட்டவே இல்லை. இத்தனை மாதம் இத்தனை மேசைகளில் எத்தனை குழந்தைகள் வாயைப் பொத்தியிருக்கும், எத்தனை அம்மாக்கள் அடம்பிடிக்கிறாய் என்று முதுகில் ஒன்று வைத்திருப்பார்கள்? தன் கெட்டிக்கார யோசனை மேலேயே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது. தம்பியைக் காட்டிக்கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு இன்றைக்கும் ஒரு மத்தியானம் முழுக்க ஊருக்கு அழுகல் ஊட்டியிருக்கிறாள். எழுந்து போய் அந்தத் தட்டைப் பிடுங்கினாள்.

“யாரும் சாப்பிடாதீங்க. இது கெட்டுப்போன மீன். அது தெரியாம இருக்கத்தான் என் பொடி.”

தட்டுக்குப் போன கைகள் பாதியில் நின்றன. உள்ளேயிருந்து தம்பி வேகமாக வந்தான். ஒரு கணம் அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். பிறகு அதில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அக்காவுக்குக் கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை, காரம் தலைக்கேறிவிட்டது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த தட்டிலிருந்து, குழந்தை துப்பியதற்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சதையை நல்ல பெரிய துண்டாகப் பிய்த்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். அவளையே பார்த்துக்கொண்டு மென்றான். தொண்டையில் அது ஒரு தடவை மேலே வரப் பார்த்ததும் அவன் அதை அமுக்கி உள்ளே தள்ளியதும் அவளுக்கு மட்டும் தெரிந்தது. கண் கலங்க, பிரமாதம் என்றான். நாலு பேர் சிரித்தார்கள். தொப்பைக்காரர் கைதட்டினார். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து தங்கள் தட்டுக்குத் திரும்பினார்கள்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். மாஸ்டர் வழிமறிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கினார். ஐஸ் தொட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பாரம் இடுப்பைப் பிடித்தது. சிமென்ட் தரையில் கரகரவென்று தேய, வாசற்படியில் முட்ட, பழுப்புத் தண்ணீர் அவள் புடவையில் அலம்ப, சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு வந்து, அப்படியே கவிழ்த்தாள்.

பொடி இல்லாத மீன்கள். சளப்பென்று விழுந்து, வழுக்கி, மேசைக் கால்களுக்குக் கீழே, செருப்புகளுக்கு நடுவே போய் நின்றன. ஒன்றின் வயிறு வெடித்துக் குடல் வெளியே வந்தது. தண்ணீர் சுவரோரம்வரை பரவியது. அக்காவின் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. எட்ட வேண்டியவர்களுக்கு எட்டியது. குழந்தையின் அம்மாதான் முதலில் எழுந்தாள். பிறகு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், வாசலை எட்டுவதற்குள் விரலிடுக்கில் வழிந்தது. தொப்பைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார். வெளியிலிருந்து வசவு வந்தது, சாபம் வந்தது, ஒரு பாட்டில் பறந்து வந்து சுவரில் உடைந்தது. கொஞ்ச நேரத்தில் கடையில் அக்காவும் தம்பியும் அவன் மனைவியும் மாஸ்டரும்தான் இருந்தார்கள்.

 தம்பி தன்னை அடிப்பான் என்று அக்கா நினைத்தாள். அடிக்கட்டும் என்றும் நினைத்தாள். இல்லை, தலையில் கை வைத்து உட்கார்ந்து அழுவான், அழுதால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், என்ன இருந்தாலும் தம்பி என்று மனம் ஒரு பக்கம் ஓடியது.

அவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு மீனை எடுத்தான். ஒட்டியிருந்த முடியையும் மண்ணையும் கட்டை விரலால் வழித்துவிட்டுத் தொட்டியில் போட்டான். அடுத்ததை எடுத்தான். வயிறு வெடித்ததை எடுத்து, குடலைச் சுண்டிவிட்டு, திருப்பிப் பார்த்து, அதையும் போட்டான். அவன் மனைவி விளக்குமாறு எடுத்து வந்து, எட்டாத மூலைகளில் கிடந்ததையெல்லாம் அவன் பக்கம் தள்ளிக் கொடுத்தாள். கழுவி எடுத்து வைக்கும்படி மாஸ்டரிடம் சொன்னாள். சாயங்காலம் வருகிறது வேறு கூட்டம், அவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்றாள்.

கடைசி மீனைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தம்பி நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இல்லை. சோர்வு மட்டும் இருந்தது, வேலை அதிகமான நாளில் இருக்குமே, அந்தச் சோர்வு.

“சாயங்காலத்துக்குப் பொடி இருக்காக்கா?”

அவள் அவனைப் பார்த்தாள். உள்ளே போய், கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பொடி டப்பாவை எடுத்தாள். பின்வாசல் வழியாக வெளியே வந்து சாக்கடையின் மூடியைக் காலால் தள்ளி, அத்தனையையும் அதில் கொட்டினாள். தண்ணீர் சிவந்து ஓடியது. எங்கே போவது என்பதை நடந்துகொண்டே யோசித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டு, டப்பாவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். அடியில் ஒட்டியிருந்ததும் விழுந்தது.